இருபது பார், ஒன்றும் குறையாது

லேப்டாப்பை விட்டுத் தலை தூக்காமலே "ம், சொல்லு" என்று கேட்கும் என் மாரி அக்காவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் பாட்டை நான் வெட்டினேன். நீ கடைசியாகச் செய்த பாட்டு, இன்னும் பெயர்கூட வைக்காத பாட்டு. அதன் டிராப் ஒவ்வொன்றிலும் கைவைத்து நான்கு நான்கு பார்களை எடுத்து எறிந்தேன். பிறகு திரும்பச் சேர்த்துவிட்டேன். இனி யார் சொன்னாலும் வெட்ட மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஐந்து நாளைப் பற்றியே பேசுகிறார்கள். உன்னைப் பற்றிப் பேச ஐந்து நாள் காய்ச்சல்தானா இருக்கிறது? மீதி இருபத்தொரு வருஷம் எங்கே போயிற்று?

நீ மூன்றாம் கையாக வாங்கிய லேப்டாப் இப்போது உன் படத்துக்குக் கீழே ஸ்டூலின் மேல் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல அப்பா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். "அவ பொருளு. யாரும் தொடப்பிடாது. அப்பிடியே இருக்கட்டும்" என்பது அவர் உத்தரவு. காலையில் கம்பெனி வேன் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனதும் நான் தொட்டேன். உன்னைச் சாமி ஆக்கிவிட்டால் பிறகு உன்னிடம் யார் சண்டை போடுவது? மூடியைத் திறந்தபோது எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே உன் தலைமுடி ஒன்று கிடந்தது. எடுத்து என் இங்கிலீஷ் புத்தகத்தில் வைத்தேன். பாஸ்வேர்டு என் பிறந்தநாள் என்று எனக்கு எப்போதோ தெரியும்.

நான் உனக்கு எழுதுவதை மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள். டிராப் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ செய்ததுபோன்ற எலக்ட்ரானிக் டான்ஸ் பாட்டில் பெரும்பாலும் சொற்கள் இருக்காது. முதலில் சத்தம் ஏறிக்கொண்டே போகும். தாளம் நெருங்கி நெருங்கி வரும். கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். அப்புறம் அடி விழும். விழுந்து, ஆட வைக்கும் அந்தப் பகுதிதான் டிராப்.

அது எத்தனை நேரம் நீடிக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. சீக்கிரம் முடிந்தால் ஆடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நீண்டால் சலிப்பார்கள். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். எட்டு பார், பதினாறு பார், முப்பத்திரண்டு பார் என்றுதான் டிராப்பை அடுக்குகிறார்கள். கேட்பவர்களின் கால்கள் அதற்குப் பழகிவிட்டன. உன் பாட்டில் டிராப் இரண்டு முறை வரும், ஒவ்வொன்றும் இருபது பார்.

நீ இருக்கும்போதே இதை உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து முப்பது பாட்டுகளைக் கேட்டு, நோட்டில் கட்டம் போட்டு, எந்த டிராப் எத்தனை பார் என்று எழுதிக்கொண்டு வந்து உன் முன்னால் நீட்டினேன். "ஒண்ணுகூட இருபது இல்ல. உன்னது தப்பு" என்றேன்.

"ஏ புள்ள, நோட்ட மூடு. எந்திரிச்சு ஆடிப் பாத்துட்டு அப்புறமாச் சொல்லு."

"எனக்கு ஆட வராது."

"அப்ப வாயவும் மூடு."

நீ சிரித்தாய். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. நான் ஆடிப் பார்க்கவே இல்லை.

இந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் எங்கள் பதினோராம் வகுப்பிலிருந்து என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆடுவது என்று முடிவானது. உன் பாட்டைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பி.டி. மிஸ் கேட்டுவிட்டு, "வார்த்தையே இல்லையே, இது எப்படிப் பாட்டு?" என்றார். பிறகு உன் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அவளும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுதானே. சரி, போடுங்க" என்றார்.

ரேடியோ செட் பாண்டி அண்ணனைத் தேடித் திருத்தங்கல்லுக்குப் போனேன். உன் பாட்டு இரண்டைக் கல்யாண வீடுகளில் போட்டு, "நம்ம ஊருப் புள்ள செஞ்சது" என்று மைக்கில் பெருமை பேசுவாரே, அதே அண்ணன்தான். எங்கள் விழாவுக்கும் அவர் செட்தான். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எண்ணிக்கை தப்பு புள்ள. பதினாறுல முடியணும், இது இழுத்துக்கிட்டே போகுது. சனம் செட்டு மாட்டிக்கிருச்சுன்னு நெனைக்கும். எம்புட்டுக் கூடுது?"

ஒரு டிராப்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். "ஏழரை வினாடி, அண்ணே."

"ஏழரையா? ஏழரைய யாராச்சும் தேடிப் போயி வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாகளா? வெட்டு, வெட்டு."

எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்டினேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக வெட்டினேன். நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டாரே! உன் டிராப்பில் நான்கு பகுதிகள். முதல் பகுதியில் அடியும், பாஸ் என்கிற அடித்தொண்டை அதிர்வும் மட்டும். இரண்டாவதில் கைத்தட்டல் சேரும். மூன்றாவதில் அடி காணாமல் போய்விடும். நான்காவதில் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். ஒவ்வொரு பகுதியும் நான்கு பாராக இருந்திருக்க வேண்டும், நீ ஐந்து பாராகச் செய்திருந்தாய். ஒவ்வொன்றிலும் ஐந்தாவது பாரை எடுத்துவிட்டேன். பதினாறு ஆயிற்று. கச்சிதமாக இருந்தது. நீ செய்த ஃபைலை அழிக்காமல் வைத்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது, அது போதும்.

இனி அம்மாவைப் பற்றி. நீயும் அம்மாவும் வேலை பார்த்த பிரஸ்ஸில் இப்போது பட்டாசு லேபிள் சீசன். அம்மா தினமும் எண்ணுவதற்கு இரண்டு கட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். எப்படி எண்ணுவது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாள்களை ஒரு முனையில் முறுக்கி விசிறிபோல விரிக்க வேண்டும். விரிந்த ஓரத்தை ஐந்தைந்து தாளாக விரலால் தள்ள வேண்டும். இருபது தள்ளு தள்ளினால் நூறு. நூறுக்கு ஒரு துண்டுச்சீட்டைச் செருகிவிட்டு அடுத்த நூறு. பைண்டிங்கில் இருக்கிற பெண்கள் பேசிக்கொண்டே எண்ணுவார்கள், சண்டை போட்டுக்கொண்டே எண்ணுவார்கள். எண்ணிக்கை தப்பாது.

அன்று சாயங்காலம் அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வெட்டிய பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு ஸ்டெப் பழகிக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மா கையை உதறினாள்.

"அந்தக் கருமத்த நிறுத்து புள்ள. எண்ணிக்கை தப்பிப்போச்சு."

"நான் என்ன செஞ்சேன்?"

"எண்பதுலயே சீட்டு வச்சுட்டேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. பதினஞ்சு வருசத்துல எனக்கு இப்பிடி ஆனதில்ல." போனையே முறைத்தாள். "இதே பாட்ட அவ ஓயாமப் போட்டுக்கிட்டுத்தான இருந்தா? அவ போட்டப்ப எனக்குத் தப்பலையே. நீ என்னத்தடி பண்ணுன?"

எனக்கு உடனே புரியவில்லை. நீ செய்த ஃபைலைத் தேடிப் போட்டேன். அம்மா தாளை முறுக்கி விரித்தாள். டிராப் விழுந்தது. ஒரு அடிக்கு ஒரு தள்ளு. அம்மா பாட்டைக் கவனிக்கவே இல்லை, விரல்தான் கவனித்தது. ஐந்து பாருக்கு இருபது அடி. இருபது தள்ளு. நூறு தாள். கைத்தட்டல் வந்து சேர்ந்த இடத்தில் அம்மாவின் கை சீட்டைச் செருகியது. அடுத்த இருபது. அடுத்த சீட்டு. அடி காணாமல் போன மூன்றாவது பகுதியிலும் விரல் நிற்கவில்லை. நான்காவது சீட்டைச் செருகியபோது டிராப் முடிந்திருந்தது.

நானூறு தாள். அதுதான் உன் டிராப்பின் நீளம். நான் வெட்டிவிட்டு வைத்திருந்ததில் ஒவ்வொரு நூறும் எண்பதாக இருந்தது.

தெரிந்துதான் செய்தாயா, அக்கா? உன் பழைய பாட்டுகளை எல்லாம் திறந்து பார்த்தேன். எட்டு, பதினாறு, பதினாறு, முப்பத்திரண்டு. எல்லாம் யாரோ போட்டுக் கொடுத்த அளவு. இது ஒன்றுதான் இருபது. நீ உட்கார்ந்து யோசித்துப் போட்டதா? இல்லை, மூன்று வருஷம் பிரஸ்ஸில் எண்ணிய கை உன்னைக் கேட்காமல் போட்டுவிட்டதா? "அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்கிறாள் அம்மா. "கை பழக்கத்துல வந்த தப்புதான், ஆனா நல்ல தப்பு" என்கிறார் பாண்டி அண்ணன். பதில் சொல்ல நீ இல்லை. ஃபைலில் குறிப்பு ஏதும் இல்லை. ஏன் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை? எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாயா?

சரி, தப்பாகவே இருக்கட்டும். அது உன் தப்பு. திருத்துவதற்கு நான் யார்? முப்பது பாட்டுகளை எண்ணியவள்தானே? அந்த முப்பதையும் செய்தவர்களில் ஒருவர்கூடப் பட்டாசு லேபிள் எண்ணியிருக்க மாட்டார். அவர்கள் அளவுக்கு நாம் ஏன் நம்மைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

மறுநாள் பள்ளியில் நான் இருபது பார் ஃபைலைப் போட்டேன். பி.டி. மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னடி இது, நல்லா இருந்ததை ஏன் மறுபடி நீட்டியிருக்க? எட்டு எட்டா எண்ணித்தானே ஸ்டெப் போட்டுக் கொடுத்தேன்?"

விஷயத்தைச் சொன்னேன். மிஸ்ஸுக்குப் பிடிபடவில்லை. என் பக்கத்தில் நின்ற ராஜிக்குப் பிடிபட்டது, ஆனால் பிடிக்கவில்லை. "ஏன்டி, நாங்க ஆட வந்தோமா, லேபிள் எண்ண வந்தோமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். அன்று ஒருவர்கூடக் கால் தப்பாமல் ஆடிக் காட்டினால் இருபது. இல்லையென்றால் பதினாறு.

வெள்ளிக்கிழமை ஆடினோம். முதல் நூறு நன்றாகப் போனது. இரண்டாவது நூறும் போனது. மூன்றாவதில் அடி நின்றதும் ராஜி நான்கு பாரில் திரும்பிவிட்டாள். பின்னால் வந்த இருவர் அவள் மேல் மோதி மூன்று பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

"பாத்தியா?" என்றார் மிஸ். குரலில் கோபம் இல்லை. "உன் அக்கா ஞாபகமா இது மேடையில வரணும், அதானே உன் ஆசை? பதினாறா வந்தா என்ன குறைஞ்சிடும்?"

"பதினாறா வந்தா அது அவ பாட்டு இல்ல மிஸ்."

"நிகழ்ச்சிப் பட்டியல் நாளைக்கு டைப்புக்குப் போகுது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மிஸ். மாத்த மாட்டேன்."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம். எழுந்து நின்று பதில் சொல்லும்போதுகூட நோட்டைக் கையில் வைத்துக்கொள்கிறவள் நான். மிஸ் பேனாவை எடுத்து எங்கள் வரியை அடித்தார். அவரைத் திட்டாதே. அவருக்கு மேடையில் பிள்ளைகள் விழக்கூடாது. எனக்கு நீ குறையக்கூடாது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வேறு டான்ஸுக்குப் போய்விட்டார்கள். நான்கு பேர் மிஞ்சினோம். இரண்டு பேர் பைண்டிங் வேலைக்குப் போகிறவர்களின் மகள்கள். இன்னொருத்தி யார் என்று நினைக்கிறாய்? ராஜிதான்.

"நீ போகலையா?" என்று கேட்டேன்.

"விழுந்தது நான்டி. எந்திரிக்காமப் போனா எனக்குல்ல அசிங்கம்?"

மேடை இல்லை, பட்டியலில் பெயர் இல்லை, எதற்குப் பழகுகிறோம் என்றும் தெரியவில்லை. ஆனாலும் தினமும் பள்ளி விட்டதும் பழகினோம். எட்டு எட்டாக எண்ணுவதை விட்டுவிட்டோம். அம்மா கழிவு லேபிள் கொஞ்சம் கொடுத்தாள். முதலில் தரையில் உட்கார்ந்து பாட்டோடு தாள் எண்ணினோம். கைக்கு வந்த பிறகு எழுந்து காலுக்குக் கொண்டுபோனோம். "இப்பிடி ஒரு டான்ஸ் மாஸ்டர எங்கயும் பாத்ததில்ல" என்று ராஜி அம்மாவைக் கும்பிட்டாள். "நூறு சரியா எண்ணு முதல்ல. தொண்ணூத்தஞ்சுல நிக்கிற கழுத" என்றாள் அம்மா.

லேப்டாப்பை நான் எடுப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். சார்ஜரைத் தேடி எடுத்துச் சொருகிவிட்டு வெளியே போய்விட்டார்.

விழா நாள். சாயங்காலம் நான்கு மணி. மைதானத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை காலி. பின்வரிசைகளில் அம்மாக்கள் வந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டி அண்ணன் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வயர் இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேரும் போய் அவர் முன்னால் நின்றோம்.

"என்ன, மொகத்த இப்பிடி வச்சிருக்கீக? பட்டியல்ல இல்லாதத நான் எப்பிடிப் போட முடியும்?" என்றார். வயரைச் சுற்றினார். எங்களைப் பார்த்தார். "ஆனா சத்தம் வருதான்னு சோதிச்சுப் பாக்கணும்ல? அதுக்கு எதப் போட்டா என்ன? இந்தா மைக்கு. பேர நீயே சொல்லு."

மைக் கனமாக இருந்தது. உன்னைப் பற்றிப் பேச எழுதி வைத்திருந்த நான்கு பக்கமும் மறந்துபோயிற்று.

"இது மாரீஸ்வரி செஞ்ச பாட்டு. எங்க அக்கா. இதுல டிராப் இருபது பார் வரும். செட்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. யாரும் எந்திரிச்சுப் போகாதீக."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாண்டி அண்ணன் விசையைத் தட்டினார்.

நாற்காலிகளுக்கு முன்னால் வெறும் மண்ணில் ஆடினோம். சத்தம் ஏறியது, நின்றது, விழுந்தது. அந்தப் பெரிய பெட்டிகளில் உன் பாஸ் எப்படி இருந்தது தெரியுமா? வயிற்றுக்குள் வந்து தட்டியது. போனிலேயே கேட்டுப் பழகிய எனக்கு நீ என்ன செய்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நூறு. இரண்டாவது நூறு. மூன்றாவதில் அடி இல்லாமல் நீண்டுகொண்டே போனபோது பின்னால் யாரோ ஒரு பெண், "இன்னும் முடியலையா?" என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னது எனக்குக் கேட்டது. "நூறு ஆகல. இருங்க."

மூன்றாவது நூறு முழுக்க ராஜி எனக்கு முன்னால் இருந்தாள். அடி இல்லாத அந்த இருபதையும் அவள் முன்கூட்டித் திரும்பாமல் தாண்டினாள். அடி திரும்பியபோது நான்கு பேரின் கால்களும் ஒன்றாக மண்ணில் விழுந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த பைண்டிங் பெண்கள் மூன்று வரிசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள், டிராப் முடிந்த அதே அடியில். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேடை ஓரத்தில் பி.டி. மிஸ் நிகழ்ச்சிப் பட்டியலைக் கையில் பிடித்தபடி நின்றார். நிறுத்தச் சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார் என்று ராஜி சத்தியம் செய்கிறாள். நான் பார்க்கவில்லை.

இத்துடன் கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை.

உன் பாட்டில் இரண்டு டிராப். இரண்டாவது விழுந்து, இரண்டு நூறு முடிந்திருந்தது. அப்போது சிறப்பு விருந்தினரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. தலைமையாசிரியர் மேடையிலிருந்து கையை ஆட்டினார். பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நிறுத்திவிட்டார். ராஜியின் ஒரு கால் இன்னும் காற்றில் இருந்தது. வரவேற்புப் பாட்டு தொடங்கியது. நாங்கள் ஓரமாகப் போய் நின்றோம்.

ஆக, நாற்பது பாரில் முப்பதுதான் ஊர் கேட்டிருக்கிறது. எல்லோரும் "அதுவே பெரிசு புள்ள" என்கிறார்கள். எனக்கு அது பெரிசு இல்லை. முக்கால்வாசி மாரீஸ்வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்த வருஷம் பிளஸ் டூ. ஆண்டு விழா அறிவித்த அன்றே இதே ஃபைலை எடுத்துக்கொண்டு பி.டி. மிஸ் முன்னால் போய் நிற்பேன். பட்டியலில் உன் பெயரைப் போடச் சொல்வேன். மறுத்தால் மறுபடியும் மண்ணில் ஆடுவேன். பள்ளி விட்டுப் போன பிறகு கல்யாண வீடு, சடங்கு வீடு, பிரஸ்ஸின் பூஜை என்று எங்கே பெட்டி கட்டினாலும் போய்க் கேட்பேன். இரண்டாவது டிராப்பின் கடைசிப் பத்து பாரையும் இந்த ஊர் கேட்டே தீரும். யாருடைய கார் வந்தாலும் சரி.

நீ செய்ததில் ஒரு அடிகூடக் குறைய விடமாட்டேன், அக்கா.

வெட்டியதற்கும் ஒட்டியதற்கும் பொறுப்பான,
இப்போது ஆடவும் தெரிந்த,
உன் தங்கச்சி
முத்துச்செல்வி